திருவளர்செல்வியும் ரொறன்ரோவும்

அரியாலையில், கண்டி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளியிருக்கும் ஓர் அச்சகத்தில் புறூவ் பார்ப்பது என் வேலை. பெரிய புத்தகங்கள் எங்களிடம் அதிகம் வருவதில்லை. கலியாணக் கார்ட், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், 31ஆம் நாள் வீட்டில் கொடுக்கிற கல்வெட்டு, இவைதான் வரும். வெளியூர் வாசகருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கல்வெட்டு என்பது ஒரு சின்னப் புத்தகம். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிய இரங்கல் எல்லாம் அதில் இருக்கும்.

மற்ற நாட்களில் தமிழை எப்படி எழுதினாலும் பரவாயில்லை என்று இருக்கிற குடும்பத்துக்கும் இப்படியான நாட்களில் ஒரு கவனம் வந்துவிடும். சபைக்குப் போகிற எழுத்து, பிழை இருந்தால் ஆட்கள் கதைப்பார்கள். அதனால் உச்சரிப்பு, எழுத்து, இலக்கணம் பற்றிய ஊர்க் கோபங்கள் எல்லாம் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. எனக்கும் கோபங்கள் உண்டு. ஆனால் இந்த வேலையில் இருந்து இருந்து, கோபப்பட வேண்டியதையும் கூடாததையும் பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறேன். ஒன்று பிழை, மற்றது வழக்கு. இரண்டையும் குழப்புவதுதான் நம்மிடையே நடக்கிற முக்கால்வாசிச் சண்டைக்குக் காரணம்.

பிழையிலிருந்து தொடங்குகிறேன். கலியாணக் கார்ட்டில் மணமகளின் பெயருக்கு முன்னால் ‘திருவளர்ச்செல்வி’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நான் ‘ச்’ஐ எடுத்துவிடுவேன். ஒருமுறை மணமகளின் தகப்பனார் புறூவைக் கையில் பிடித்தபடி நேரே என்னிடம் வந்தார்.

“பிள்ளை, கொழும்பிலை அடிச்ச கார்ட்டுகளிலை எல்லாம் ‘ச்’ கிடக்கு. நீங்கள் ஏன் அதை எடுத்தனீங்கள்?”

“ஐயா, ஊறுகாய்க்கு நடுவிலை ‘க்’ போட்டு எழுதுவியளோ?”

“இல்லை.”

“வளர்பிறைக்கு ‘ப்’ போடுவியளோ?”

அவர் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். “வளர்ப்பிறை… சொல்லேலாது” என்றார். அதற்கு மேல் நான் விளக்கவேண்டி இருக்கவில்லை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்தையும் உள்ளுக்குள் வைத்திருப்பது ஊறுகாய். இலக்கணக்காரர் இதை வினைத்தொகை என்பார்கள். அந்த இடத்தில் ஒற்று மிகாது. திரு வளர்ந்த, வளர்கின்ற, வளரும் செல்வி என்பதால் திருவளர்செல்வி. இந்த விதியை ஒருவரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சுடுசோறு, குடிதண்ணீர், வளர்பிறை என்று நாள் முழுவதும் சரியாகத்தான் சொல்கிறோம். கார்ட் எழுதும்போதுதான், ஓர் எழுத்துக் கூடினால் மதிப்புக் கூடும் என்று நினைத்து விடுகிறோம்.

‘சுவற்றில்’ இன்னொன்று. கிணறு, வயிறு என்று ‘று’வில் முடிகிற சொற்கள்தான் கிணற்றில், வயிற்றில் ஆகும். சுவர் ‘ர்’இல் முடிகிறது. மலரில், தேரில் என்பதுபோல அது சுவரில்தான். ‘பதட்டம்’ என்பதும் அப்படி, பதறு என்ற வினையிலிருந்து வருவது பதற்றம். ‘முயற்சிக்கிறோம்’ என்பதைக் காணும்போதெல்லாம் ‘முயல்கிறோம்’ என்று மாற்றுகிறேன். முயல் வினை, முயற்சி அதன் பெயர். பெயரை மறுபடி வினையாக்கத் தேவையில்லை. ஆனால் பத்திரிகைத் தலைப்பிலும் தொலைக்காட்சியிலும் ‘முயற்சிக்கிறார்’ நிலைத்துவிட்டது. இன்னும் ஒரு தலைமுறை போனால் என் திருத்தம்தான் விசித்திரமாகத் தெரியும். மொழி மாறும் என்று எனக்குத் தெரியும். மாறும்வரை நான் திருத்துவேன்.

இனி வழக்கு. மரண அறிவித்தல் ஒன்று வந்தது. அரியாலையைப் பிறப்பிடமாகவும் கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட ஒருவருக்காக இங்கே இருக்கும் தம்பியார் எழுதிக் கொடுத்தது. பின்னேரம் வைபரில் இறந்தவரின் மருமகன் அழைத்தார். “அக்கா, அதை டொராண்டோ எண்டு மாத்துங்கோ. ரொறன்ரோ எண்டு போட்டால் இந்தியாவிலை இருக்கிற சொந்தக்காரர் சிரிப்பினம்” என்றார்.

சிரிப்பார்கள் என்பது உண்மைதான். ரீச்சர், ரோச் லைற், ரின் பால், பற்றறி, ரிக்கற் என்று நாங்கள் எழுதுவதைக் கண்டு தமிழ்நாட்டு வாசகர் பலர் திகைத்துப் போவதை அறிவேன். இவற்றைப் படித்தவுடன் ‘இவர்களுக்கு டகரம் வராதா?’ என்று கேட்கத் தோன்றும். நன்றாகவே வரும். வருவதால்தான் இந்தச் சிக்கல்.

வாசகர் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். ‘பட்டம்’ என்று சொல்லும்போது நாக்கு நுனி மேல்நோக்கி மடிந்து அண்ணத்தில் படுகிறது. ஆங்கிலேயர் தங்கள் ‘டீ’ எழுத்தைச் சொல்லும்போது நாக்கு அவ்வளவு உள்ளே போவதில்லை. மேற்பல்லுக்குப் பின்னால், முரசுக்கு மேலே முட்டி நின்றுவிடும். யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’, ‘குற்றம்’ என்று வாசிக்கும்போது ‘ற்ற’ பிறக்கிற இடமும் அதே முரசுதான். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘வெட்ரி’ என்பதுபோல வாசிக்கிறார்கள். அங்கே ‘ற்ற’ தன் பழைய இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. எங்கள் வாயில் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆகவே ஆங்கில ஒலி காதில் விழுந்தபோது யாழ்ப்பாணத்தார் அதற்குப் பக்கத்தில் உள்ள தங்கள் ஒலியைத் தேடிப் பிடித்து ‘பற்றறி’ என்று எழுதினார்கள். ‘ற’வில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் தொடக்கத்தில் ‘ர’ போட்டார்கள். இப்படித்தான் ரொறன்ரோ வந்தது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. ‘ரீச்சர்’ என்பதை வெளியூரார் ‘ரீதி’, ‘ரீங்காரம்’ வாசிப்பதுபோல வாசித்துவிடுவார். எழுத்தைப் பார்த்து ஒலியைக் கண்டுபிடிக்க வழியில்லை, முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் இதுதான் சரி, டொராண்டோ தவறு என்று நான் வாதாட மாட்டேன். இரண்டும் இரண்டு காதுகள் கேட்டு எழுதியவை. அரியாலைச் சனம் படிக்கப்போகிற அறிவித்தல் என்பதால் ரொறன்ரோவை விட்டேன். மருமகனும் ஒத்துக்கொண்டார். ஒரே அறிவித்தலில் மேலே ரொறன்ரோவும் கீழே டொராண்டோவும் வந்திருந்தால் அதைப் பிழை என்று சொல்லியிருப்பேன்.

ழகரத்தில் நிலைமை தலைகீழ். இங்கே நாங்கள்தான் இழந்தவர்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. பழம் ‘பளம்’ ஆகும், கிழமை ‘கிளமை’ ஆகும், மழை ‘மளை’ ஆகும். ஊரின் பெயரிலேயே ழகரம் இருக்கிறது, அதையும் பேச்சில் ‘யாப்பாணம்’ என்று விழுங்கிவிடுகிறோம். தென் தமிழ்நாட்டிலும் இப்படி ளகரமாகச் சொல்வார்கள், சென்னைப் பேச்சில் அது யகரமாகவும் போகும். காதில் இரண்டும் ஒன்றாக விழுவதால் கையிலும் ஒன்றாக வருகிறது. ‘வாள்த்துகிறோம்’, ‘ஒளுங்கு’, ‘பளகிய’ என்று எழுதி வருகிற இரங்கல்களை நான் திருத்திக்கொண்டே இருக்கிறேன். பேச்சில் ‘பளம்’ என்பது வழக்கு, எழுத்தில் ‘பளம்’ என்பது பிழை. எழுத்து எல்லா ஊர்த் தமிழருக்கும் பொதுவானது. அவரவர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வாசித்துக் கொள்ளலாம்.

என் பெரியம்மாவுக்குக் கனடாவில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வைபரில் வருவார்கள். சின்னவளுக்கு எட்டு வயது. “அம்மம்மா, வாழைப்பழம்” என்று அவள் சொன்னால், ழகரம் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் விழும். அங்கே பள்ளிக்கூடத்தில் பேசுகிற ஆங்கிலத்தில் ‘ஆர்’ எழுத்துக்கு நாக்கை எங்கும் தொடாமல் உள்ளிழுக்கிறார்கள். ழகரத்துக்குக் கிட்டத்தட்ட அதுவே போதும். ஆனால் ‘பள்ளி’ என்று சொல்லச் சொன்னால் ‘பல்லி’ என்பாள், ‘வீடு’ அவளுக்குச் சரியாக வராது. பெரியம்மா சிரித்துச் சிரித்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பார். அவருடைய ‘வாளைப்பளம்’ பேத்தியின் வாயில் திருந்தி நிற்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

எழுத்தை விட்டுப் பேச்சு இலக்கணத்துக்கு வந்தால் என் மனத்தாங்கல் வேறு. நம்முடைய பிள்ளைகள் சிலர் வாய் திறந்தவுடன் ‘ஆமா’, ‘சொல்லுங்க’, ‘பேசுறேன்’ என்கிறார்கள். வானொலியில் ஒலிபரப்புச் செய்யும் இளையவர்கள் பலரும் அப்படி. ‘ஓம்’, ‘சொல்லுங்கோ’, ‘கதைக்கிறன்’ என்று சொன்னால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுகிறார்களோ தெரியவில்லை. தமிழ்நாட்டுப் பேச்சு தமிழ்நாட்டார் வாயில் அழகாகத்தான் இருக்கிறது. மூண்டு என்பதும் மூணு என்பதும் ‘மூன்று’ இரண்டு வழியில் தேய்ந்து வந்தவை. ஒன்று மற்றதைவிடத் தூய்மையானது அல்ல. நான் வருந்துவது, எங்கள் பேச்சில் இருக்கும் சில வசதிகள் இந்தக் கூச்சத்தால் கைநழுவிப் போவதற்காக.

அந்த வசதிகளில் பெரியது ‘உ’. இது, அது என்று இரண்டு சுட்டு மற்றவர்களுக்கு. எங்களுக்கு இது, உது, அது என்று மூன்று. இவன், உவன், அவன். இங்கை, உங்கை, அங்கை. என் பக்கத்தில் இருப்பது இது, கேட்கிறவர் பக்கத்தில் இருப்பது உது, இருவருக்கும் எட்டத்தில் இருப்பது அது. ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் தாய் “உங்கை குளிரோ?” என்று கேட்கிறாள். அந்த ஒரு சொல்லில் ‘நீ இருக்கிற இடத்தில்’ என்பது அடங்கிவிடுகிறது. தொல்காப்பியம் சுட்டெழுத்து மூன்று என்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைப் படிப்பிக்கும்போது ‘உகரம் இன்று வழக்கில் இல்லை’ என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அரியாலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற அயலவரிடம் “உது என்ன மரம்?” என்று கேட்டால் அது வழக்கில் இருப்பது தெரியும். கைப்பர் என்ற ஒல்லாந்து அறிஞர் பழந்தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் சேர்த்து 1962இல் ஒரு கட்டுரையே எழுதினார். எங்கள் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் சு. சுசீந்திரராசா வாழ்நாள் முழுவதும் இந்தப் பேச்சை ஆராய்ந்தார்.

‘வந்தனான்’ இன்னொன்று. “நேற்று உங்களிட்டை வந்தனான், நீங்கள் இல்லை.” வந்த நான் என்பது குறுகி நிற்கிறது. “நீங்கள் சாப்பிட்டனீங்களோ?” என்பதில் ‘நீங்கள்’ உள்ளுக்குள் மறுபடியும் இருக்கிறது. ‘வந்திட்டன்’ என்றால் இப்போது வந்து நிற்கிறேன். ‘வந்தனான்’ என்றால் வந்தது நடந்து முடிந்த ஒரு சங்கதி. பிள்ளை கட்டுரையில் ‘வந்தனான்’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பது சரி. கட்டுரைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும். அதே பிள்ளை வீட்டில் ‘வந்தனான்’ என்று சொல்லும்போது ‘கொச்சையாய்க் கதைக்காதை’ என்று அதட்டுவதைத்தான் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அது கொச்சை அல்ல, அதற்கும் ஒரு விதி இருக்கிறது. தொல்காப்பியத்தின் பாயிரமே அந்த நூலுக்கு ஆதாரமாகச் செய்யுளோடு மக்கள் வழக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறது. எங்களுக்கு அயலூரான நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) சந்தி பிரித்து, நிறுத்தக்குறி போட்டு, சாதாரண ஆட்களும் வாசிக்கக்கூடிய வசனத்தை எழுதிக் காட்டினார். பாலபாடமும் இலக்கணச் சுருக்கமும் அவர் செய்தவைதான். இலக்கணம் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பது புதிது அல்ல. இலங்கை வானொலித் தொடராகத் தொடங்கி 1976இல் படமாக வந்த ‘கோமாளிகள்’ கதையில் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார், மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார், உபாலி சிங்களவர் பேசுகிற தமிழ் பேசுவார். எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவர் தாழ்ந்துபோகவில்லை. பிறகு 2000ஆம் ஆண்டு ‘தெனாலி’ வந்தது. கமல்ஹாசன் நல்ல நடிகர், அதில் எங்கள் தமிழை உழைத்துத்தான் பேசினார். ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு வெளியில் போன எங்கள் பிள்ளைகள் வாய் திறந்தால், எதிரில் இருப்பவர் ஒரு பயந்த மனிதனின் இழுவைக் குரலை எதிர்பார்க்கத் தொடங்கினார். எங்கள் ஊரில் கணக்குப் படிப்பிப்பவரும் வழக்காடுபவரும் இதே தமிழில்தான் பேசுகிறார்கள். 1941இல் பீபீசி, யோர்க்சயர் பேச்சு மாறாத வில்பிரட் பிக்கிள்ஸ் என்பவரைச் செய்தி வாசிக்க வைத்தபோது நேயர்கள் முறைப்பாடு செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். இலண்டன் பேச்சு இல்லாத குரலில் செய்தி கேட்டால் நம்பிக்கை வரவில்லை என்பது அவர்கள் குறை. செய்தி என்னவோ அதே செய்திதான்.

வெளியூரார் எங்களைப் பார்த்துச் சிரிப்பது பற்றிப் பேசும்போது, நாங்கள் எங்களுக்குள் செய்ததையும் சொல்லவேண்டும். 1960களில் கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, பண்டிதர் சிலர் அதை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கினார்கள். இலக்கணத்தின் பெயரால் சொல்லப்பட்ட அந்தச் சொல்லுக்குள் இருந்தது சாதி. ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ பல பத்தாண்டுகள் நடந்தது. நீ, நீர், நீங்கள் என்று அழகாக மூன்று படி வைத்திருக்கிற இதே யாழ்ப்பாணத் தமிழில்தான், வயதான தொழிலாளியைச் சின்னப் பிள்ளை ‘நீ’ என்று அழைத்த காலமும் இருந்தது. ‘வந்தனான்’ கொச்சை என்று அதட்டிய வீடுகளில் அந்த ‘நீ’யைத் திருத்தியவர்கள் எத்தனை பேர்?

ஓர் ஒலிக்காக உயிரும் போயிருக்கிறது. விவிலியத்தில் நியாயாதிபதிகள் நூலில், ஆற்றைக் கடக்க வந்தவர்களிடம் ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்லி, ‘சிபோலேத்’ என்றவர்களைக் கொன்ற கதை இருக்கிறது. அது பழைய கதை என்று நாங்கள் இருக்க முடியாது. தமிழருக்கு எதிராக 1958இலும் 1983 யூலையிலும் நடந்த கலவரங்களில், தெற்கில் காடையர்கள் ஆட்களை மறித்து, தமிழரா என்று அறிய, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னதைத் தப்பி வந்தவர்கள் பலர் சொல்லியும் எழுதியும் இருக்கிறார்கள். சிங்களத்தில் அந்த முதலெழுத்து அதிர்ந்து ஒலிக்கும். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலி இல்லை, தமிழ் வாய்க்கு அது பிடிபடாது. இதைத் தெரிந்த பிறகு ஒருவருடைய உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

போன மாதம் ஒரு கல்வெட்டு வந்தது. நாவலடிப் பக்கத்து அம்மா ஒருவருடையது. வெளிநாட்டிலிருந்து வந்த மகள், தாய் கதைத்ததைக் கதைத்தபடியே இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். “பிள்ளை, உங்கை நிண்டு என்ன செய்யிறாய், மளை வரப்போகுது, கெதியா உடுப்பை எடு” என்று தொடங்குகிறது. தமையனார் அதை ‘நல்ல தமிழில்’ மாற்றித் தரும்படி கேட்டார்.

“அண்ணை, அம்மா உப்பிடித்தானே கதைச்சவ?” என்று கேட்டேன்.

“ஓம். எண்டாலும் ஆட்கள் என்ன நினைப்பினம்?”

“வாசிக்கேக்கை அம்மான்ரை குரல் கேக்கும் எண்டு நினைப்பினம்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, விடுங்கோ” என்றார். உங்கையையும் நிண்டையும் கெதியாவையும் தொடவில்லை. ‘மளை’யை மட்டும் மழை ஆக்கினேன். அதை எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அட்டையில் ‘அம்மாவை நினைவு கூறுகிறோம்’ என்று இருந்தது. கூறுவது சொல்வது, கூர்வது மிகுவது. நினைவோடு சேர்வது கூர்தல். அதை ‘நினைவுகூர்கிறோம்’ என்று திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.